சீப்பு ஜெல்லியின் வானவில் கோடுகள்: குறு இழை எப்படி அசைகிறது?

சீப்பு ஜெல்லி என்னும் கடலுயிரைக் காட்டும் காணொலிகள் அவ்வப்போது கைபேசிகளில் சுற்றுக்கு வருகின்றன. கண்ணாடி போன்ற உடல், அதன் மேல் நெடுக்காக எட்டு வரிசைகள், அந்த வரிசைகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நிற்காமல் ஓடும் வண்ணங்கள். திருவிழாப் பந்தலில் கட்டிய சீரியல் விளக்கு ஓடுவதுபோலவே தெரிவதால், உடலுக்குள் விளக்கு எரிகிறது என்றும் இந்த உயிர் மின்சாரம் உண்டாக்குகிறது என்றும் பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கடற்கரையே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிளஸ் ஒன் உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைப் பார்த்ததும் எழும் கேள்வி நியாயமானது: அந்த வண்ணம் எங்கிருந்து வருகிறது?

வண்ணம் வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் இருக்கிறது. அதை ஓடவைப்பது அந்த வரிசைகளில் பல்லாயிரக்கணக்கில் முளைத்திருக்கும் குறு இழைகளின் அசைவு. குறு இழையின் அமைப்பையும் அது வாழும் நீரின் தன்மையையும் அறியாமல் இந்த விடை விளங்காது என்பதால், அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

குறு இழை என்பது எது

செல்லின் மேற்பரப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உறுப்பே குறு இழை. சிலியா என்பதும் இதுவே. அதன் தடிமன் ஏறக்குறைய 0.25 மைக்ரோமீட்டர். நம் தலைமயிரின் குறுக்களவில் அது முந்நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். நீளம் பொதுவாக 5 முதல் 10 மைக்ரோமீட்டர்.

மயிரோடு உள்ள ஒப்புமை தோற்றத்தோடு முடிந்துவிடுகிறது. மயிர் என்பது செத்த செல்களின் தொகுப்பு; குறு இழையோ உயிருள்ள செல்லின் ஒரு பகுதி, செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வே அதன் மேலும் தொடர்ந்து போர்த்தியிருக்கிறது. விந்தணுவின் வாலாகிய கசையிழையும் இதே உள்ளமைப்பைக் கொண்டதுதான். நீளத்திலும் வீச்சின் வடிவத்திலும் மட்டுமே வேறுபாடு. ஆனால் பாக்டீரியாவின் கசையிழை பெயரில்தான் ஒன்று. அது வேறு புரதத்தால் ஆனது, அடியில் உள்ள சுழலியால் திருகுபோலச் சுழல்வது. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பதால் தேர்வுத்தாள்களில் உண்டாகும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

கடலில் குறு இழையால் வாழும் உயிர்களின் பட்டியல் நீளமானது. பவளத்தின் இளவுயிரி, நட்சத்திர மீனின் இளவுயிரி, கடற்புழுக்களின் இளவுயிரி ஆகியவை குறு இழைகளால் நீந்துகின்றன. தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பி, முட்டையிலிருந்து உருவான முதல் நாளிலேயே குறு இழைகளால் நீந்தத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று வாரம் மிதந்து திரிந்த பிறகுதான் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரைக்கோபிளாக்ஸ் என்னும் தட்டையான சிற்றுயிருக்குத் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. அடிப்பரப்பின் குறு இழைகளைக் கொண்டே அது பாறைமேல் ஊர்ந்து இரை தேடுகிறது.

கடலைப் பார்க்காதவர்களும் இதைக் கண்ணால் காண வழி உண்டு. கடல் ஆளி என்னும் சிப்பியினத்தின் செவுளில் உள்ளவையும் நம் பக்கத்து ஏரிச் சேற்றில் புதைந்திருக்கும் சிப்பியின் செவுளில் உள்ளவையும் ஒரே வகைக் குறு இழைகளே. சிப்பியின் செவுளில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதே ஏரி நீரில் ஒரு துளி விட்டு, பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், செவுளின் விளிம்பு கொதிக்கும் நீர்போலத் துடித்துக்கொண்டிருக்கும். நுண்ணிய கரித்தூளைச் சிறிது கலந்தால், துகள்கள் விளிம்பை ஒட்டி ஒரே திசையில் வரிசைகட்டி ஓடுவதும் தெரியும். உடலிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னும் அந்தத் துடிப்பு மணிக்கணக்கில் நிற்பதில்லை. மூளையோ தசையோ இழுத்தால்தான் இழை அசையும் என்ற எண்ணத்தை இந்த ஒரு காட்சி தகர்த்துவிடுகிறது.

உள்ளே இருப்பது: 9+2

குறு இழையைக் குறுக்காக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மாட்டுவண்டிச் சக்கரம் போன்ற ஒரு வடிவம் தெரியும். விளிம்பில் வட்டமாக ஒன்பது இரட்டைக்குழல்கள், நடுவில் இரண்டு ஒற்றைக்குழல்கள். இதைத்தான் 9+2 அமைப்பு என்கிறோம். ஒவ்வொரு குழலும் டியூபுலின் என்னும் புரத மணிகளை அடுக்கிக் கட்டிய நுண்குழல். அதன் குறுக்களவு 25 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரோமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு.

விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஆரக்கால்கள் நீள்கின்றன. அடுத்தடுத்த இரட்டைக்குழல்களை நெக்சின் என்னும் இணைப்புகள் பிணைத்து வைக்கின்றன. ஒவ்வோர் இரட்டைக்குழலிலிருந்தும் பக்கத்து இரட்டைக்குழலை நோக்கி உள்வரிசை, வெளிவரிசை என இரண்டு வரிசைக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைகள்தாம் டைனீன் என்னும் புரதம். 1960-களில் இதைப் பிரித்தெடுத்த இயன் கிப்பன்ஸ், விசையின் அலகாகிய டைன் என்ற சொல்லிலிருந்து 1965-இல் இப்பெயரை உருவாக்கினார்.

இந்தக் கைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. வெளிவரிசைக் கைகள் 24 நானோமீட்டருக்கு ஒன்று என அமைந்திருக்கின்றன. 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஓர் இழையில் ஓர் இரட்டைக்குழலுக்கு 400-க்கு மேல். ஒன்பதுக்கும் சேர்த்தால் 3,700 அளவில் வருகிறது. உள்வரிசை இதில் சேரவில்லை. கண்ணுக்கே தெரியாத ஓர் இழைக்குள் இத்தனை இயந்திரங்கள் நீளம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. குறு இழையைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சறுக்கல் எப்படி வளைவாகிறது

ஒரு காலத்தில், குழல்கள் தசைபோலச் சுருங்குவதால் இழை வளைகிறது என்று கருதியவர்கள் இருந்தார்கள். உண்மையில் எந்தக் குழலும் சுருங்குவதில்லை. வளைவு உண்டாகும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. டைனீன் கை, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் சிதைத்து, அந்த ஆற்றலால் பக்கத்து இரட்டைக்குழலைப் பற்றி அடிப்பக்கம் நோக்கி நடக்க முயல்கிறது. அது தன் குழலில் நிலையாகப் பதிந்திருப்பதால், விளைவாகப் பக்கத்துக் குழல் நுனியை நோக்கித் தள்ளப்படுகிறது.

2. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி வெளியே நீண்டுவிடும். 1971-இல் சம்மர்ஸ், கிப்பன்ஸ் இருவரும் இதை நேரில் காட்டினார்கள். முள்பந்து போன்ற கடலுயிராகிய கடல் அர்ச்சினின் விந்தணு வாலை எடுத்து, சவ்வை நீக்கி, இணைப்புகளை டிரிப்சின் என்னும் நொதியால் அறுத்து, ஏ.டி.பி. சேர்த்தபோது, வால் வளையவில்லை. குழல்கள் தொலைநோக்கிக் குழாய்போல ஒன்றிலிருந்து ஒன்று உருவி, பல மடங்கு நீண்டன.

3. உயிருள்ள இழையில் அந்த உரிமை குழல்களுக்கு இல்லை. அடியில் அவை, செல்லுக்குள் இழையைத் தாங்கும் அடியுறுப்பில் ஊன்றப்பட்டிருக்கின்றன. இடையிடையே நெக்சின் பிணைத்திருக்கிறது. சறுக்க வழியில்லாமல் தடுக்கப்பட்ட சறுக்கல்தான் வளைவாக மாறுகிறது.

4. ஒன்பது குழல்களிலும் உள்ள கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து இழை விறைத்து நின்றுவிடும். ஆகவே ஒரு பக்கத்துக் கைகள் வேலை செய்யும்போது எதிர்ப்பக்கத்தவை ஓய்ந்திருக்கின்றன. பிறகு முறை மாறுகிறது. ஒரு பக்கம் நீரைத் தள்ளும் உந்து வீச்சையும், மறுபக்கம் பழைய இடத்துக்குத் திரும்பும் மீள் வீச்சையும் தருகிறது.

மூன்றாவது படி புரியாவிட்டால், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும். தைத்த ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை வளைத்தால், எதிர் ஓரத்தில் தாள்கள் படிக்கட்டுபோல ஒன்றைவிட ஒன்று விலகி நிற்கும். எந்தத் தாளும் நீளவில்லை, எந்தத் தாளும் சுருங்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியிருக்கின்றன, அவ்வளவுதான். பீட்டர் சாட்டிர் 1960-களில் நன்னீர்ச் சிப்பியின் செவுள் இழைகளின் நுனிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டது இதே படிக்கட்டைத்தான். வளைந்த இழையின் நுனியில் குழல்கள் முன்னும் பின்னுமாக நின்றன. ஏறக்குறைய 100 டிகிரி வளைவுக்கு எதிரெதிர்க் குழல்கள் ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு விலகினாலே போதும் என்பது எளிய வடிவியல் கணக்கு.

பாகுக்குள் துடுப்பு போடுவது

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் துடுப்பை நீரில் இறக்கி இழுக்கிறார்; பிறகு அதை நீருக்கு மேலே தூக்கி, காற்றில் கொண்டுவந்து மறுபடி இறக்குகிறார். இழுக்கும்போது எதிர்ப்புத் தருவது நீர், திரும்பும்போது காற்று. அந்த வேறுபாட்டால் பரிசல் முன்னே போகிறது. இழுப்பதை நிறுத்தினாலும் பரிசல் கொஞ்ச தூரம் மிதந்துபோகும்.

கடலின் சிற்றுயிருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதன் துடுப்பு எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அதன் அளவில் நீரே வேறொரு பொருள்போல நடந்துகொள்வதுதான்.

நீரில் இயங்கும் எந்தப் பொருளுக்கும் இரண்டு காரணிகள் முக்கியம். ஒன்று, ஓடத் தொடங்கியது ஓடிக்கொண்டேயிருக்க முயலும் நிலைமம். மற்றொன்று, நீர் ஒட்டிப் பிடித்து இழுக்கும் பாகுநிலை. முதலாவது இரண்டாவதைப் போல எத்தனை மடங்கு என்பதைச் சொல்வது ரேனால்ட்ஸ் எண். ஆற்றில் நீந்தும் மனிதனுக்கு அது பத்து லட்சம் அளவில் இருக்கும். 0.2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இளவுயிரி நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் நீந்தினால் அது 0.2, தனி இழையின் அளவில் கணக்கிட்டால் அதனினும் மிகக் குறைவு. அதாவது அங்கே நிலைமத்துக்குப் பேச்சே இல்லை, பாகுநிலைதான் ஆள்கிறது.

பாகுநிலை என்ற சொல்லுக்குள்ளேயே பாகு இருக்கிறது. தருமபுரிப் பக்கத்து வெல்லக் கொட்டகையில் கரும்புச்சாறு காய்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாறாக இருக்கும்போது கொப்பரையில் துழாவிவிட்டுத் துடுப்பை எடுத்தால் சாறு கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும். பாகு இறுகி வரும் பதத்தில் துடுப்பை நிறுத்தினால் பாகும் அக்கணமே நின்றுவிடும். அந்த இளவுயிரி, குறு இழைகளை நிறுத்தினால், தன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மட்டுமே நகர்ந்து நின்றுவிடும். நமக்குத் தண்ணீராக இருப்பது அதற்கு வெல்லப்பாகு.

இந்த உலகத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. போன வழியிலேயே திரும்பி வரும் எந்த அசைவாலும் முன்னேற முடியாது. மெதுவாகப் போய் வேகமாகத் திரும்பினாலும் பயன் இல்லை. இயற்பியலறிஞர் எட்வர்ட் பர்செல் 1970-களில் இதைத் தெளிவாக விளக்கினார். ஆகவே கதவு திறந்து மூடுவதுபோல அசையும் விறைப்பான துடுப்பு சிற்றுயிருக்கு உதவாது.

குறு இழை கண்டுபிடித்திருக்கும் வழி, போகும் வடிவத்தையும் திரும்பும் வடிவத்தையும் வேறாக்குவது. உந்து வீச்சில் இழை ஏறத்தாழ நேராக நிமிர்ந்து, உடல்பரப்பிலிருந்து எட்டி நின்று, நீரை அகலமாகத் தள்ளுகிறது. மீள் வீச்சில் அடியிலிருந்து வளைவு தொடங்கி நுனிவரை பரவ, இழை மடங்கி, உடல்பரப்பை ஒட்டித் தவழ்ந்து பழைய இடத்துக்கு வருகிறது. பரப்பை ஒட்டிய நீர் அசைய மறுப்பதாலும், இழை பெரும்பாலும் தன் நீளவாக்கிலேயே நழுவுவதாலும், திரும்பும்போது பின்னே தள்ளப்படும் நீர் குறைவு. நொடிக்குப் பத்து முதல் இருபது முறைக்கு மேல்கூட இது நடக்கிறது.

டைனீன் கைகள் அடியில் மட்டும் இல்லாமல் நீளம் முழுவதும் இருப்பதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. அடியில் மட்டும் பிடித்து ஆட்டும் இயந்திரத்தால், இழையின் இடையில் ஒரு வளைவை உண்டாக்கி, அதைத் தளராமல் நுனிவரை ஓட்டிச்செல்ல முடியாது. பாகுபோன்ற நீர் அதை வழியிலேயே அடக்கிவிடும்.

தொடரலை, வானவில் கோடு

காற்று வீசும்போது கேழ்வரகுக் கொல்லையில் ஓர் அலை ஓடும். ஒவ்வொரு தட்டையும் தன் இடத்திலேயே நின்று, பக்கத்துத் தட்டை சாய்ந்ததற்குச் சற்றுப் பின்னால் சாய்கிறது. ஓடுவது சாய்வு மட்டுமே. குறு இழைப் பரப்பிலும் அப்படியே ஓர் அலை ஓடுகிறது. ஆனால் இங்கே காரணம் தலைகீழ். கொல்லையில் காற்று பயிரை அசைக்கிறது. இங்கே இழைகள் நீரை அசைக்கின்றன. ஒரு இழை தள்ளிய நீர் பக்கத்து இழையைத் தொட்டு, அதன் வீச்சின் நேரத்தைச் சற்றே மாற்றுவதால் வரிசை தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. இதைத் தொடரலை எனலாம். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் இருக்கவும், நீரோட்டம் விட்டுவிட்டு இல்லாமல் சீராக ஓடவும் இதுவே வழி.

சீப்பு ஜெல்லியில் இந்த ஏற்பாடு பேருருக் கொள்கிறது. அதன் எட்டு வரிசைகளிலும் சீப்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகடும் பல்லாயிரக்கணக்கான குறு இழைகள் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ந்தது. இழைகளின் நீளமோ ஒரு மில்லிமீட்டரையும் தாண்டக்கூடியது. வாய்க்கு எதிர் முனையில் உடலின் சாய்வை உணரும் உறுப்பு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அலை, தகடு தகடாக வாயை நோக்கி ஓடுகிறது. ஒவ்வொரு தகடும் நீரை எதிர்த்திசையில் தள்ள, உயிர் வாய் முன்னாக நீந்துகிறது.

வண்ணத்துக்கான விடையும் இதுதான். தகட்டில் இழைகள் மிகச் சீரான இடைவெளியில் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், அதன்மேல் விழும் வெள்ளொளி பிரிந்து சிதறுகிறது. சி.டி. என்னும் குறுந்தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் வானவில்லும் இதே விளைவுதான்; விளிம்பு விளைவு என்பது இதன் பெயர். தகடு சாயும்போது கோணம் மாறி நிறம் மாறுகிறது; சாய்வு வரிசையாக ஓடுவதால் நிறமும் ஓடுகிறது. விளக்கை அணைத்தால் இந்த வானவில் மறைந்துவிடும். சீப்பு ஜெல்லிகள் பலவற்றுக்கு இருட்டில் நீலப்பச்சையாகத் தானே ஒளிரும் ஆற்றலும் உண்டு. அது வேதிவினையால் வரும் உயிரொளிர்வு. காணொலியில் ஓடும் கோடுகளோடு அதற்குத் தொடர்பில்லை.

நிறுத்துவதும் திருப்புவதும்

இழை தானாகவே துடிக்கிறது என்றால் உயிரின் கட்டுப்பாடு எங்கே? தானாக ஓடும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் உயிருக்கு வழிகள் இருக்கின்றன. ஆளியின் செவுளில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் பட்டால் துடிப்பு விரைவுபடுகிறது. நத்தையின் இளவுயிரி ஆபத்து வந்தால் எல்லா இழைகளையும் சட்டென நிறுத்தி, ஓட்டின் எடையால் கீழே அமிழ்ந்துவிடுகிறது. கடல் அர்ச்சினின் இளவுயிரி, உணவுத் துகள் வந்து பட்ட இடத்தில் மட்டும் இழைகளின் வீச்சைக் கணநேரம் திருப்பி, துகளைத் தப்பவிடாமல் பிடிக்கிறது.

பிளாட்டினெரிஸ் என்னும் கடற்புழுவின் இளவுயிரியில் 2008-இல் கண்டறியப்பட்டது இவற்றுள் மிக எளிமையானது. அதன் கண்புள்ளி இரண்டே செல்களால் ஆனது. ஒன்று ஒளியை உணர்வது, மற்றொன்று நிழல் தரும் நிறமிச் செல். ஒளியுணர் செல் இடையில் மூளை எதுவுமின்றி நேரே குறு இழைச் செல்லோடு நரம்பிணைப்புக் கொள்கிறது. வெளிச்சம் பட்ட பக்கத்தில் துடிப்பு மாற, உடல் ஒளியை நோக்கித் திரும்புகிறது. சுழன்றுகொண்டே நீந்துவதால் இரண்டு கண்புள்ளிகளே எல்லாத் திசைகளையும் துழாவிவிடுகின்றன.

எல்லாச் சிற்றுயிர்களும் இந்த வழியில் வந்தவையல்ல. இறாலின் குஞ்சு அதே அளவில், அதே நீரில் வாழ்ந்தாலும் கால்களை உதைத்தே நீந்துகிறது. இறால் சேர்ந்த கணுக்காலி இனத்துக்கு அசையும் குறு இழைப் பரப்பே இல்லை. மறுபுறம், குறு இழையால் நீந்தும் உயிர் பெரிதாக வளரவும் முடியாது. இழைகள் உடலின் பரப்பில் இருக்கின்றன; நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. இந்தக் கணக்கைத் தகடுகளால் ஓரளவு வென்றது சீப்பு ஜெல்லி மட்டுமே.

கடல் அர்ச்சினிலிருந்து மூச்சுக்குழல் வரை

கடலுயிரின் இழையைப் பற்றி இவ்வளவு அறிந்து உள்நாட்டில் வாழ்பவருக்கு என்ன என்று கேட்கலாம். இதற்கான விடை ஒரு மனிதரின் ஆய்வு வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஸ்வீடனின் பியார்ன் அஃப்சேலியஸ், இரட்டைக்குழல்களிலிருந்து நீளும் கைகளைக் கடல் அர்ச்சினின் விந்தணு வாலில் கண்டு 1959-இல் விவரித்தார். பிறகு, பிறவியிலிருந்தே தீராத சளியும் மூச்சுக்குழல் தொற்றும் கொண்ட சில நோயாளிகளின் இழைகளைப் பார்த்து, அங்கே அந்தக் கைகள் இல்லை என்பதை 1976-இல் அவரே எடுத்துக்காட்டினார். கைகள் என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது கடல் அர்ச்சினிலிருந்து தெரிந்திருந்ததால்தான், அவை இல்லாததும் கண்ணில் பட்டது.

அந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கமாக, உள்ளுறுப்புகள் எல்லாம் இடம்மாறி இருந்தன. கருவின் தொடக்க நாள்களில் சுழலும் குறு இழைகள் நீரை இடப்பக்கம் ஓட்டுவதே இடம் எது, வலம் எது என்று தீர்மானிக்கிறது என்பது 1998-இல் சுண்டெலிக் கருவில் தெரியவந்தது. ஓட்டம் இல்லாத கருவில் அது தற்செயலாக அமைகிறது, அதனால்தான் சரிபாதி.

நம் மூச்சுக்குழலின் ஒவ்வொரு குறு இழைச் செல்லிலும் 200 அளவில் இழைகள் இருக்கின்றன. மேலே படர்ந்திருக்கும் சளிப்படலத்தை அவை தொடரலையாகத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகரும் அந்தப் படலத்தில் ஒட்டிய தூசியை, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். புகை பிடிப்பவர்களிடம் இந்த இழைகள் குட்டையாகிவிடுகின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் வெட்டும், மெருகேற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி உண்டு. குவார்ட்ஸ், அதாவது சிலிக்காப் படிகம், கலந்த கல்லை உலர்வாக அறுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் பெருந்துகள்கள் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் சிக்கி, இழைகளால் வெளியேற்றப்படுகின்றன. ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்களில் ஒரு பகுதி அந்தக் காவலைத் தாண்டி, நுரையீரலின் கடைசிக் காற்று நுண்ணறைகள்வரை போய்விடுகிறது. அங்கே குறு இழைகள் இல்லை. படிந்த சிலிக்காவை விழுங்க வரும் தற்காப்புச் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் மடிய, நுரையீரல் தழும்பேறிச் சிலிக்கோசிஸ் உண்டாகிறது. அறுக்கும் இடத்தில் நீர் பாய்ச்சித் தூசியை எழும்பாமலே அடக்குவதும், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணிவதும், குறு இழைகளால் எட்ட முடியாத அந்தத் துகள்களுக்காகத்தான். முகத்தில் கட்டும் துண்டு தடுப்பது பெரும்பாலும் இழைகளே வெளியேற்றியிருக்கக்கூடிய பெருந்தூசியை மட்டுமே.